பட்டறைத் திண்ணை: புது ஷூ போட்டும் பிடிக்காத பிரேக்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வண்டிகளின் டிரம் பிரேக்கைப் பற்றியவை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் வளைந்த இரண்டு ஷூ விரிந்து அழுத்துவதுதான் இந்தப் பிரேக். ஷூவின் மேல் ஒட்டிய உரசும் பட்டை லைனிங், ஷூவை விரிக்கும் திருகுகட்டை கேம், கேபிள் இழுத்ததும் கேமைத் திருப்பும் கை ஆர்ம், இவற்றைத் தாங்கும் தட்டு பிளேட். மழைக்காலம் நெருங்குகிறது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் கார்புரேட்டர் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 1984 மாடல் புல்லட் 350 இருக்கிறது, அப்பா ஓட்டிய வண்டி. முன் பிரேக்கில் ஒரே ஒரு ஆர்ம்தான். லிவரை ஹேண்டில்பார் வரைக்கும் இழுத்தாலும் வண்டி நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. இரண்டு மாதம் முன்பு புது ஷூவும் புது கேபிளும் போட்டேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. நண்பர்கள் டிஸ்க்குக்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா சார்?
— வாசகர், நாமக்கல்

பதில்: அவசரப்படாதீர்கள். புது ஷூ போட்ட பிறகு முன்பைவிட மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, நோய் என்ன என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பழைய ஷூ பல வருடம் அந்த டிரம்மோடு உரசி உரசி அதன் வளைவுக்கே வந்திருக்கும். புது ஷூவின் வளைவு கம்பெனி அளவு. உங்கள் டிரம்மோ நாற்பது வருடம் தேய்ந்து கம்பெனி அளவைத் தாண்டிப் போன டிரம். பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டத்தை வைத்து அழுத்தினால் எங்கே தொடும்? ஷூவின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தொடும். மீதி லைனிங் எல்லாம் சும்மா வேடிக்கை பார்க்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் உட்பக்கம் முழுக்க சாக்பீஸைத் தேயுங்கள். திரும்ப மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு இரண்டு மூன்று முறை லேசாகப் பிரேக் பிடியுங்கள். பிறகு கழற்றினால் லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் பிரேக். கால்வாசி இடத்தில்கூட ஒட்டியிருக்காது என்பது என் ஊகம்.

வைத்தியம் லேத் பட்டறையில் இருக்கிறது. கொஞ்சம் தடிமனான லைனிங் ஒட்டின ஷூவை வாங்கி (அல்லது உங்கள் ஷூவிலேயே தடிமனாக லைனிங் ஒட்டச் சொல்லி), பிரேக் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்று வைத்து ஷூ லேசாகத் திறந்த நிலையில் நிற்கும்படி செய்து, பிளேட்டோடு சேர்த்து லேத்தில் ஏற்றி, உங்கள் டிரம்மின் உள்விட்டத்துக்கே கடைசல் பிடிக்க வேண்டும். தகட்டை எடுத்துவிட்டால் டிரம்முக்குள் போகிற இடைவெளி கிடைத்துவிடும். ஷூவைத் தனியாகக் கொடுத்துக் கடைந்து வாங்குவது வீண். அது எந்தப் பிளேட்டில், எந்தக் கேமில் உட்காருகிறதோ அங்கேயே வைத்துக் கடைந்தால்தான் வளைவு சரியாக வரும். பழைய ஆள் நடத்தும் லேத்தாகப் பார்த்துப் போங்கள், இளம் பையன்கள் ‘புது ஷூ வாங்கிப் போடுங்க சார்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

லேத்துக்கு வசதி இல்லையா? டிரம்முக்குள் 80 நம்பர் உப்புத்தாளை இரண்டுபக்க டேப்பால் ஒட்டி, பிளேட்டை உள்ளே வைத்து லேசாகப் பிரேக் பிடித்தபடி கையால் முன்னும் பின்னும் சுற்றுங்கள். பொறுமை வேண்டும், ஒரு மதியம் முழுக்கப் போகும். தூசியைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்லியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டிரம் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஷூ லேசாகத் தொடுகிற அளவுக்கு அட்ஜஸ்ட் செய்து சக்கரத்தைச் சுற்றுங்கள். ‘சர்ர்ர்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் சரி. ‘சர்.. சர்.. சர்’ என்று விட்டு விட்டு வந்தால் டிரம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது. டிரம்மை லேத்தில் கொடுப்பதானால் ஹப்பை (டிரம் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) மட்டும் கழற்றிக் கொடுக்காதீர்கள், ஸ்போக்ஸ் கட்டி, கோட்டம் எடுத்த சக்கரமாகவே கொடுங்கள். ஸ்போக்ஸை முறுக்கும்போது அது ஹப்பை ஒவ்வொரு பக்கமும் இழுக்கும், கட்டுவதற்கு முன்பு வட்டமாக இருந்த டிரம் கட்டிய பிறகு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு குறைவாகச் சீவ முடியுமோ அவ்வளவுதான் சீவ வேண்டும், மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் விரியும்.

அப்புறம், காசு செலவில்லாத ஒரு வேலை. மாட்டும்போது ஆக்ஸில் நட்டை முழுக்க முறுக்காதீர்கள். நட் தளர்வாக இருக்கும்போதே சக்கரத்தைச் சுற்றிவிட்டு முன் பிரேக்கை இறுக்கிப் பிடியுங்கள், பிளேட் தானாக டிரம்மின் நடுவுக்கு வந்து உட்காரும். பிடித்த பிடியை விடாமல் (பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்) நட்டை இறுக்குங்கள். முப்பது வருடம் புல்லட் ஓட்டியவர்களில்கூட பாதிப்பேர் இதைச் செய்வதில்லை. சக்கரம் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது இது.

கேபிள் புதுசு என்கிறீர்கள். நல்லதா? ஒருவரை லிவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு கேபிளின் வெளி உறையைக் கவனியுங்கள். வளைவு நிமிர்வதும் பாம்பு மாதிரி நெளிவதும் தெரிந்தால், உங்கள் கை பலம் ஷூவுக்குப் போகாமல் அந்த உறையை அமுக்குவதிலேயே செலவாகிறது. உறை தடிமனான கேபிளாக வாங்கி, கூர்மையான வளைவு இல்லாமல் வழிவிட்டுக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஆர்ம். பிரேக்கை முழுக்கப் பிடித்த நிலையில் கேபிளும் ஆர்மும் செங்கோணத்தில், அதாவது ட போல, நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் போகப் போக நீங்கள் இழுப்பதில் பலன் குறைந்துகொண்டே வரும். லைனிங் தேயத் தேய ஆர்ம் தாண்டிப் போவது இயல்புதான், கேபிளில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி அந்தக் கோணத்தைச் சரிசெய்யவே முடியாது. அட்ஜஸ்டர் முழுக்க வெளியே வந்தும் பிரேக் பிடிக்காத வண்டியில் கதை பெரும்பாலும் இதுதான். சிலர் ஆர்மைக் கழற்றி கேமில் ஒரு பல் பின்னால் மாட்டிச் சமாளிப்பார்கள். லைனிங் தடிமனாக இருந்தால் தப்பில்லை. தேய்ந்த லைனிங்கில் அதைச் செய்தால் கேம் படுத்துப் புரண்டு, திரும்பாமல் அப்படியே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஓடும் வண்டியில் முன் சக்கரம் சிக்கினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

டிஸ்க்குக்கு மாறினால் ஹப், ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி, மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாறும், அப்பாவின் வண்டியில் பாதி முன்பக்கம் வேறு வண்டி ஆகிவிடும். லேத்காரர் கேட்கிற கூலி அந்த கிட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. முதலில் இதையெல்லாம் செய்து முடியுங்கள், 300 கிலோமீட்டர் பதமாக ஓட்டி லைனிங்கைப் பழக்குங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள்.

கேள்வி: ‘டபுள் லீடிங் ஷூ’ பிளேட் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. புல்லட்டில் போட்டால் பிரேக் இரண்டு மடங்கு பிடிக்கும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
— வாசகர், மதுரை

பதில்: பிளேட்டை விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் முழுப்பொய்யும் இல்லை.

சாதாரண டிரம்மில் இரண்டு ஷூவும் ஒரே கேமில் திறக்கும். சுற்றுகிற டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும், அது லீடிங் ஷூ. எதிர்ப்பக்க ஷூவை அதே சுழற்சி தள்ளிவிடும், அது டிரெயிலிங். கதவு நிலையில் ஆப்பு வைத்தால் ஒரு பக்கம் தள்ளும்போது இறுகும், மறுபக்கம் தள்ளினால் கழன்று வரும் இல்லையா, அதே கதைதான். இதனால் மொத்த வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் லீடிங் ஷூவே செய்கிறது. இரண்டு கேம் வைத்து இரண்டு ஷூவையும் லீடிங் ஆக்கினால் பிடி நன்றாகவே கூடும்.

சிக்கல் என்னவென்றால், பிளேட்டுக்கு வெளியே இரண்டு ஆர்மையும் இணைக்கும் கம்பி ஒன்று இருக்கும், அதன் நீளம் சரியாக இல்லாவிட்டால் ஒரு ஷூ தொட்ட பிறகு இன்னொன்று தொடவே தொடாது. அப்போது உங்களிடம் இருப்பது அரை பிரேக். கம்பியைக் கழற்றிவிட்டு, முதல் ஆர்மை ஷூ டிரம்மைத் தொடும் வரை இழுத்துப் பிடித்து, இரண்டாவது ஆர்மையும் கையால் அதே மாதிரி தொடவைத்து, அந்த நிலையில் கம்பியின் ஊசி இரண்டு துளையிலும் தானாக நுழைகிற நீளத்துக்குத் திருகி வையுங்கள். இந்த வண்டிகளில் ‘பிரேக் வீக்’ என்று என்னிடம் வந்தவற்றில் நிறைய இந்தக் கம்பியோடு முடிந்துபோனவை.

இன்னொன்று, ஏற்றத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்து நிற்காதீர்கள். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தால் இரண்டு ஷூவும் டிரெயிலிங் ஆகிவிடும், பிடி கைவிட்டுவிடும். பின் சக்கரத்தில் பெரும்பாலும் ஒற்றை லீடிங்கே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சின்ன வரலாறு. பிரிட்டிஷ் வண்டியான டிரையம்ப் போன்வில்லில் 1968-இல் 8 அங்குல இரட்டை லீடிங் பிரேக் வந்தது, நன்றாகப் பிடித்தது, ஓட்டியவர்கள் புகழ்ந்தார்கள். 1971-இல் டிரையம்ப்பும் அதே குழுமத்தின் பி.எஸ்.ஏ.வும் கூம்பு வடிவ புது ஹப்புக்கு மாறின. அதிலும் இரட்டை லீடிங்தான், ஆனால் ஆர்ம் குட்டை. எல்லோரும் திட்டினார்கள். ஷூவின் எண்ணிக்கை மட்டும் போதாது, ஆர்மின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1969-இல் ஹோண்டா சி.பி. 750 முன் டிஸ்க்கோடு வந்துவிட்டதால் அந்தச் சண்டையே பிறகு முக்கியமில்லாமல் போனது வேறு விஷயம்.

பிளேட்டை வாங்குங்கள், ஆனால் உங்கள் ஹப்புக்கும் ஃபோர்க்குக்கும் பொருந்துகிறதா என்று சக்கரத்தைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: ராஜ்தூத் 350 வைத்திருக்கிறேன். போன வாரம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியில் முன் பிரேக் லிவர் கொஞ்சம் கொஞ்சமாக ஹேண்டில்பாரைத் தொட ஆரம்பித்தது. கீழே வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பேயா?
— வாசகர், கோவை

பதில்: சூடு. உங்கள் வண்டியின் ஜப்பான் அண்ணன் யமஹா ஆர்.டி. 350-க்கு முன்பக்கம் டிஸ்க் இருந்தது. எண்பதுகளில் இங்கே எஸ்கார்ட்ஸ் தயாரித்தபோது டிரம்மைப் போட்டுவிட்டார்கள். 30 குதிரைத்திறன் தருகிற 347 சி.சி. இரட்டை சிலிண்டருக்கு அந்த டிரம்மைக் கொடுத்தவர்கள் மேட்டுப்பாளையம் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 அங்குல இரும்பு டிரம் 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் சுமார் 0.4 மில்லிமீட்டர் பெரிதாகும். கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். ஆனால் அந்த இடைவெளியை ஷூ துரத்திப் பிடிக்க வேண்டும், அது கேம், ஆர்ம், லிவர் என்று பெருகிப் பெருகி உங்கள் விரல் நுனிக்கு வரும்போது ஒரு விரற்கடைக்கு மேல் ஆகிவிடும். இது போதாதென்று லைனிங்கும் சூட்டில் வழுக்க ஆரம்பிக்கும். ஆறினால் டிரம் சுருங்கி, எல்லாம் பழையபடி.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வெகு வருடங்களுக்கு முன் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தேன், லிவர் உள்ளே போய்விட்டது, பெரிய மேதை மாதிரி ஓரமாக நிறுத்தி அட்ஜஸ்டரைத் திருகி இறுக்கினேன். பிரேக் வந்தது. மலையடிவாரத்துக் காரவள்ளி வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியைத் தள்ளினால் முன் சக்கரம் அசையவே இல்லை. டிரம் ஆறி, சுருங்கி, ஷூவைக் கவ்விக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சூட்டில் அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். நிறுத்துங்கள், ஆறட்டும்.

இறங்கும்போது பிரேக்கை லேசாகத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து முழுக்க விடுங்கள், நடுவில் காற்றுப்பட்டு ஆறும். கியரைக் குறைத்து வாருங்கள். உங்களுடையது டூ-ஸ்ட்ரோக், இன்ஜின் பிரேக் கொஞ்சம்தான் கிடைக்கும். அதோடு ஆக்ஸிலேட்டரை மூடியபடியே நெடுநேரம் இறங்கினால் பிஸ்டனுக்குப் போகிற ஆயில் குறையும், அதனால் அவ்வப்போது ஒரு திருகு கொடுத்து விடுங்கள். பிளேட்டில் காற்றுத் துளை போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பந்தய வண்டிக்கு நல்லது. நீலகிரி மழையில் அதே துளை வழியாகத் தண்ணீரும் வரும், நான் போட மாட்டேன்.

கேள்வி: அண்ணா, என் ஆர்.எக்ஸ். 100-இல் முன் பிரேக் கத்துகிறது. மழையில் நனைந்தால் முதல் பிடியில் ஒன்றுமே இல்லை, அடுத்த பிடியில் ‘டக்’ என்று கவ்வுகிறது.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, இரண்டும் வேறு வேறு. கத்துவதற்கு லைனிங் கண்ணாடி மாதிரி பளபளப்பாகியிருக்கிறதா பாருங்கள், உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஒவ்வொரு லைனிங்கின் இரண்டு ஓரத்தையும் அரத்தால் சாய்வாகச் சீவிவிடுங்கள். கூர்மையான ஓரம்தான் டிரம்மைச் சுரண்டிக் கத்தவும் கவ்வவும் வைக்கிறது. கேமையும் ஷூ சுழலும் குச்சியையும் சுத்தம் செய்து துளி கிரீஸ், துளி என்றால் துளிதான். மிஞ்சினால் சூட்டில் உருகி லைனிங்கில் வழியும். எண்ணெய் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி எரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு வாரம் பிடிக்கும், மறுபடி எண்ணெய் கசிந்து வரும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், பேரிங் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுசும் குடிக்கும்.

மழைக்கு மருந்து இல்லை. தண்ணீரில் இறங்கி ஏறியதும், பின்னால் யாரும் வராத இடத்தில் லேசாகப் பிரேக்கைப் பிடித்தபடி நூறு அடி ஓட்டுங்கள், சூட்டில் உலர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் மெக்கானிக் டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் ‘புஸ்’ என்று ஊதுகிறார். ஆஸ்பெஸ்டாஸ் என்று மனைவி பயப்படுகிறார். பழைய வண்டிக்கு இவ்வளவு கவலை தேவையா?
— வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது சாதாரணம், அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுவரும். ஊதக் கூடாது, வாயாலும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். உப்புத்தாள் போடுவதானால் லைனிங்கை நனைத்துக்கொண்டு, முகக்கவசம் போட்டு, வெளியே திறந்த இடத்தில், குழந்தைகள் பக்கத்தில் இல்லாமல். மேலே நாமக்கல் வாசகருக்குச் சொன்ன வேலைக்கும் இதே விதிதான். மெக்கானிக்கிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அவர் தினமும் பத்து வண்டி ஊதுகிறார்.

கேள்வி: முன் பிரேக்கை நம்பாமல் எப்போதும் பின் பிரேக்கையே மிதித்துப் பழகிவிட்டேன். பழைய புல்லட்டுக்கு அது போதாதா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: போதாது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, பின் டயர் லேசாகிறது, அதை எவ்வளவு மிதித்தாலும் அது சிக்கி வழுக்கும், அவ்வளவுதான். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. முன் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, ஆளில்லாத மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விரலால் பிடித்துப் பிடித்துப் பழகுங்கள். வீட்டில் புது வண்டியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் பழைய புல்லட்டில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். புது வண்டியில் தலைகீழ். அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பீர்கள். கை மட்டும் இரண்டு வண்டியிலும் ஒரே இடத்தில் இருக்கிறது.